தற்காப்புத் துப்பாக்கி வகுப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வாங்குவோருக்கென்று வார இறுதிப் பயிற்சி வகுப்புகள் ஊர் ஊராக நடக்கின்றன. நியூயார்க் மாநிலத்தில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல உரிமம் வேண்டுமென்றால் 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடுபயிற்சியும் கட்டாயம். டெக்சாஸில் 2021 முதல், தகுதியுள்ள பெரியவர்களுக்கு உரிமமும் தேவையில்லை, பயிற்சியும் தேவையில்லை. சட்டம் இப்படி இடத்துக்கு இடம் மாறுவதால், ஒரு வகுப்பு பாதுகாப்பாக நடக்கிறதா என்று எடைபோடும் பொறுப்பு பெரும்பாலும் பணம் கட்டிச் சேருபவரின் தலையில்தான் விழுகிறது. எடைபோட விடாமல் தடுக்கும் நம்பிக்கைகள் பல உண்டு. அவற்றில் சில உயிரையே வாங்கக்கூடியவை.

நம்பிக்கை: மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி.

உண்மை: இன்று பரவலாக விற்கும் கைத்துப்பாக்கிகளில் தோட்டா இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒன்று, கைப்பிடிக்குள் செருகும் மேகசின். இன்னொன்று, குழலின் பின்பக்கம் உள்ள தோட்டா அறை. மேகசினை உருவிய பிறகும் அறையில் ஒரு தோட்டா இருக்க முடியும். பல துப்பாக்கிகள் அந்த நிலையிலும் சுடும்.

ஆகவே காலிசெய்வதில் வரிசை முக்கியம். முதலில் மேகசின் வெளியே வர வேண்டும். அடுத்து, துப்பாக்கியின் மேற்பகுதியில் முன்பின் நகரும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து அறையில் உள்ளதை வெளியேற்ற வேண்டும். பிறகு ஸ்லைடைப் பின்னாலேயே பூட்டி நிறுத்தி, அறைக்குள் கண்ணால் பார்த்து, விரல் நுனியாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, ஸ்லைடை முதலில் இழுத்தால் ஒரு தோட்டா வெளியே தெறித்து விழும். அதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று மனம் நிம்மதியாகிவிடும். ஆனால் முன்னுக்குத் திரும்பும் ஸ்லைடு மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றியிருக்கும். சில பிரபல மாடல்களைச் சுத்தம் செய்யப் பிரிப்பதற்கே விசையை அழுத்தியாக வேண்டும் என்பதையும் சேர்த்து யோசித்தால், வீட்டு மேசையில் துப்பாக்கி ஏன் வெடிக்கிறது என்பது புரியும். ஒரு வகுப்பில் இந்தச் சில நொடி வேலையை ஒவ்வொரு மாணவரும் ஆசிரியர் கண்முன் நிதானமாகச் செய்துகாட்ட வேண்டும். அப்படிச் செய்யாத வகுப்பு அடிப்படையிலேயே தவறுகிறது.

நம்பிக்கை: கவனமாக இருப்பவர் கையில் துப்பாக்கி தவறி வெடிக்காது.

உண்மை: கால் இடறினாலும், திடுக்கிட்டாலும், மறுகையால் எதையாவது இறுகப் பற்றினாலும் விரல்கள் தம்மை அறியாமல் மடங்கும். அந்த நேரத்தில் விரல் விசைமீது இருந்தால், எவ்வளவு கவனமானவர் கையிலும் துப்பாக்கி வெடிக்கலாம். விரலைத் துப்பாக்கியின் பக்கவாட்டில் நீட்டி வைக்கச் சொல்லித் தருவது இதற்காகத்தான்.

மரைன் படையில் அதிகாரியாக இருந்த ஜெஃப் கூப்பர், 1976இல் அரிசோனாவில் ஒரு கைத்துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அவர் பரப்பிய நான்கு விதிகள் இன்று உலகெங்கும் சொல்லித்தரப்படுகின்றன. எல்லாத் துப்பாக்கியும் தோட்டா ஏற்றியதே என்று கருது. அழிக்க விரும்பாத எதன்மீதும் குழல் முனையைத் திருப்பாதே. குறி இலக்கில் பதியும்வரை விரலை விசைக்குக் கொண்டுபோகாதே. இலக்கு எது, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். இவற்றின் பலம், ஒன்று மீறப்பட்டாலும் மற்றவை காக்கும் என்பதில் இருக்கிறது. விரல் தவறினாலும் குழல் முனை தோட்டாவைத் தடுக்கும் மண்மேட்டை நோக்கியிருந்தால் யாருக்கும் அடிபடாது.

இதை வகுப்பில் நேரில் சோதிக்கலாம். சுட்டுக்கொண்டிருக்கும் மாணவர் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கத் தலையைத் திருப்புவார். தலையோடு தோள் திரும்பும், தோளோடு கை திரும்பும், பக்கத்தில் நிற்கும் ஐந்தாறு பேரின் வயிற்றுக்கு நேராகக் குழல் முனை கடந்துபோகும். அந்த நொடியில் ஆசிரியர் தடுத்துத் திருத்துகிறாரா, பார்த்தும் பார்க்காததுபோல விடுகிறாரா என்று கவனியுங்கள். வகுப்பின் தரம் அங்கேயே தெரிந்துவிடும்.

நம்பிக்கை: ஆசிரியர் பெரிய அனுபவசாலி என்றால் பயமில்லை.

உண்மை: 2004இல் புளோரிடாவின் ஆர்லாண்டோவில், போதைப்பொருள் தடுப்பு அதிகாரி ஒருவர் குழந்தைகளிடம் துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றிப் பேசினார். இந்த அறையில் கைத்துப்பாக்கியைக் கையாளும் தேர்ச்சி தனக்கு மட்டுமே உண்டு என்று சொன்ன சிறிது நேரத்தில் தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். 2016 ஆகஸ்டில் அதே மாநிலத்தின் பன்டா கோர்டா நகரில் பொதுமக்களுக்காகக் காவல்துறை ஓர் ஒத்திகை நடத்தியது. ஆபத்தில்லாதது என்று நினைத்துக் காவலர் சுட்ட துப்பாக்கியில் இருந்தது நிஜத் தோட்டா. ஒத்திகையில் பங்கேற்ற, நூலகராக இருந்து ஓய்வுபெற்ற 73 வயதுப் பெண்மணி இறந்துபோனார்.

இரண்டு இடத்திலும் துப்பாக்கி பிடித்திருந்தவர் பயிற்சி பெற்ற அதிகாரிதான். இல்லாமல் போனது நடைமுறை. பாடம் நடக்கும் அறைக்குள் நிஜத் தோட்டா வரவே கூடாது. செயல்விளக்கத்துக்குச் சுடவே முடியாத பிளாஸ்டிக் துப்பாக்கி போதும். ஒத்திகைக்கு முன் இரண்டாவது ஆள் ஒவ்வொரு துப்பாக்கியையும் தனியே சோதிக்க வேண்டும். சோதனைக்கு ஆசிரியரும் விலக்கல்ல.

நம்பிக்கை: பயிற்சி நிஜம்போல இருக்க, கொஞ்சம் ஆபத்து இருக்கத்தான் வேண்டும்.

உண்மை: சில வகுப்புகளில் மாணவர்கள் சுடும்போதே ஆசிரியரோ ஒளிப்படக்காரரோ இலக்குகளுக்கு அருகில் நிற்பதுண்டு. மன உறுதியை வளர்க்கிறது என்று அதற்கு விளக்கமும் சொல்வார்கள். நான் அதை ஏற்கவே மாட்டேன். மனிதர்களை எதிரில் வைத்துப் பயில, சாயக்குண்டு மட்டுமே ஏற்கும் பயிற்சித் துப்பாக்கிகளும் லேசர் கருவிகளும் இருக்கின்றன. காவல்துறைகள் அவற்றைத்தான் பயன்படுத்துகின்றன. நிஜத் தோட்டா புழங்கும் நேரத்தில் சுடுகோட்டுக்கு முன்னால் எவரும் நிற்கக் கூடாது. ஆபத்தைக் கண்டால் யார் வேண்டுமானாலும், நேற்றுச் சேர்ந்த மாணவரும்கூட, “நிறுத்து” என்று கத்தலாம். கத்தியதும் எல்லாரும் நிறுத்தியாக வேண்டும்.

நம்பிக்கை: வேகமாக எடுத்து வேகமாக வைப்பதே திறமை.

உண்மை: எடுப்பதில் வேகம் தேவைப்படலாம். திரும்ப இடுப்பு உறையில் வைப்பதில் வேகத்துக்கு வேலையே இல்லை. சுட்டு முடித்த பதற்றம் தணியாத அந்த நேரத்தில்தான் விரல் விசையிலேயே தங்கிவிடுகிறது. அல்லது சட்டையின் ஓரமோ ஜாக்கெட்டின் கயிறோ விசை வளையத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. உறைக்குள் அழுத்தும்போது அந்தத் துணியே விசையை இழுத்துவிடும். தோட்டா தொடையில் பாயும். சட்டையை ஒரு கையால் நன்றாக விலக்கி, உறையைக் கண்ணால் பார்த்து, மெதுவாகச் செருகச் சொல்லித்தரும் ஆசிரியரே விஷயம் தெரிந்தவர்.

நம்பிக்கை: சுடுதளத்தில் தோட்டா ஒன்றுதான் ஆபத்து.

உண்மை: 140 டெசிபலைத் தாண்டும் ஒரே வெடிச்சத்தம்கூடச் செவியை நிரந்தரமாகப் பாதிக்கலாம், கைத்துப்பாக்கியின் சத்தம் அதற்கும் மேல். உள்ளரங்கில் காதடைப்பானோடு காதுக்கவசத்தையும் சேர்த்து அணிவதே நல்லது. தோட்டாவிலிருந்தும் அதைப் பற்றவைக்கும் ரசாயனத்திலிருந்தும் ஈயத்தூள் புகையாகக் கிளம்பிக் கையிலும் உடையிலும் படிகிறது. சுடுதளத்தில் எதையும் சாப்பிடாதீர்கள். சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கை கழுவி, உடை மாற்றிய பிறகே குழந்தைகளைத் தூக்குங்கள்.

நம்பிக்கை: அடிபட்டால் ஆம்புலன்ஸ் வந்து பார்த்துக்கொள்ளும்.

உண்மை: பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். பல சுடுதளங்கள் ஊருக்கு வெளியே இருக்கின்றன. ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டூர்னிக்கெட் எங்கே இருக்கிறது, 911ஐ அழைப்பது யார், என்ன முகவரி சொல்ல வேண்டும், வாசலில் நின்று வழிகாட்டுவது யார் என்பதெல்லாம் முதல் தோட்டா வெடிப்பதற்கு முன்பே வகுப்பில் எல்லாருக்கும் சொல்லப்பட வேண்டும்.

நம்பிக்கை: வகுப்பு முடித்துவிட்டால் வீட்டில் பிரச்சினை இல்லை.

உண்மை: 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டவர்கள். அந்நியன் கதவை உடைத்து வருவதை மட்டுமே பேசிவிட்டு, மனம் உடைந்த மகனோ கணவனோ வீட்டிலேயே இருக்கலாம் என்பதைப் பேசாத வகுப்பு பாதிப் பாடத்தைத்தான் நடத்துகிறது. பெட்டியில் பூட்டுவது, சாவியை யார் வைத்திருப்பது, வீட்டில் ஒருவர் தளர்ந்திருக்கும்போது துப்பாக்கியை வெளியே அனுப்பிவிடுவது ஆகியவையும் பயிற்சியின் பாகமே.

பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? வகுப்பறையில் தோட்டாவுக்குத் தடை உண்டா? நிஜத் தோட்டாவால் சுடும்போது சுடுகோட்டுக்கு முன்னால் யாராவது நிற்பார்களா? முதலுதவித் திட்டம் என்ன? கேட்பதே கோழைத்தனம் என்பதுபோலப் பதில் வந்தால் அங்கே சேராதீர்கள். சேர்ந்த பிறகு யாராவது உங்கள் பக்கம் குழல் முனையைத் திருப்பி, ஆசிரியர் அதைத் தட்டிக்கேட்கவில்லை என்றால், கட்டிய பணம் போனால் போகட்டும் என்று அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.