கடைசி வரிசைக்காரர் சொல்லும் ஒரு வரி

அன்புள்ள தம்பிக்கு,

மார்க்கம் தியேற்றர் விழாவில் உமக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர். மிகவும் சந்தோஷம். ஸ்காபரோ கல்யாண மண்டபங்களில் மேசை மேசையாகப் போய்க் காட்ஸ் வித்தை காட்டிய பிள்ளைக்கு, ஐந்நூறு பேருக்கு மேல் இருக்கக்கூடிய அரங்கம் கிடைத்திருக்கிறது. கைவசமுள்ள வித்தைகளைப் பட்டியல் போட்டு, எவற்றை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர். அவற்றில் பாதிக்கு மேல் ஒருவருடைய முகத்துக்கு முன்னால் நடந்தால்தான் வித்தை. நீர் அழகாகச் செய்பவையும் அவைதான். ஆகவே அவற்றை விடச் சொன்னால் உமக்கு வலிக்கும். இருந்தாலும் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பாரும். நாங்கள் 304 விளையாடும் சாதாரணக் காட் ஒன்று 88 மில்லிமீற்றர் நீளம், 63 மில்லிமீற்றர் அகலம். மூலையில் இருக்கும் எழுத்து ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கிட்ட வரும். கண் வைத்தியர் சுவரில் மாட்டும் எழுத்துப் பலகைக்கு ஓர் அளவு உண்டு: நல்ல பார்வை உள்ளவர் ஓர் எழுத்தை அடையாளம் காண, அது அவர் கண்ணில் ஒரு பாகையின் பன்னிரண்டில் ஒரு பங்கு கோணத்தையாவது பிடிக்க வேண்டும். அந்த அளவுப்படி ஒரு சென்ரிமீற்றர் எழுத்து ஏறக்குறைய ஏழு மீற்றர் தூரம் வரைதான் செல்லும். நீர் மேடை விளிம்பிலேயே நின்றாலும், முதல் நாலைந்து வரிசைகளோடு உமது வித்தை முடிந்துவிடுகிறது. இருபது மீற்றர் தள்ளி இருப்பவருக்கு அதே எழுத்து மூன்று சென்ரிமீற்றர் உயரமாவது இருக்க வேண்டும். எங்கள் சபையில் அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுடைய கண்ணுக்கு இன்னும் பெரிதாக வேண்டும்.

பெரிய காட்ஸ் வாங்கிவிட்டால் சரிதானே என்று நினைப்பீர். எழுத்து தெரியும், உண்மை. ஆனால் ஒருவர் எடுத்தார், கையெழுத்து வைத்தார், கட்டுக்குள் போனது, மேலே வந்தது என்ற அந்தச் சின்னச் சின்ன அசைவுகள் எதுவும் தூரத்தில் உள்ளவருக்குப் புரியாது. பொருளைப் பெருப்பிப்பதால் நிகழ்ச்சி பெருக்காது. மேடைக்குப் பின்னால் திரை கட்டிக் கமராவில் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்; சிலர் திறமாகவே செய்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், முதன்முதலாகப் பெரிய மேடை ஏறுகிறவர் அந்த வழிக்குப் போகக் கூடாது. சபை உம்மை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்கும். திரையில் எதைக் கண்டாலும், கமராவில் ஏதோ செய்திருப்பார்கள் என்ற எண்ணம் மனதின் ஓரத்தில் இருக்கும். ‘மெர்சல்’ படத்தில் விஜய் காட்டிய வித்தைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த எண்ணம் இன்னும் கூட. நேரில், வெட்டு ஒட்டு இல்லாமல், எங்களைப் போன்ற ஒரு மனிதர் செய்கிறார் என்பதுதான் மேடையின் பலம். அதைத் திரைக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

கைநுட்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். காட்ஸ் வித்தைக்காரர்கள் எல்லாரும் குருவாகக் கொண்டாடும் டாய் வெர்னன் 1894-இல் ஒட்டாவாவில் பிறந்தவர். தன்னை யாராலும் ஏமாற்ற முடியாது என்று சொல்லிவந்த ஹூடினியை 1922-இல் ஒரு காட்டை வைத்தே திணறடித்தவர். அவர் 1930களின் கடைசியில் கோமாளி ஹார்லகுவின் உடையில் ஓர் அருமையான நிகழ்ச்சி தயாரித்தார். நியூயோர்க்கின் ரெயின்போ றூம் இரவு விடுதியில் அதற்கு நல்ல வரவேற்பு. ஏறக்குறைய ஆறாயிரம் பேர் இருக்கும் ரேடியோ சிற்றி மியூசிக் ஹோலுக்கு அதைக் கொண்டுபோனபோது எடுபடவில்லை. வெர்னனின் கையில் குறை இருந்தது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் கைகளின் நுட்பம் அவ்வளவு தூரம் பயணிக்கவில்லை.

அவரிடம் படித்த ஒருவர் பெரிய மேடையை ஆண்டார் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. டக் ஹெனிங் ஹமில்ற்றன் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கனடா கலை மன்றத்தின் உதவித்தொகை பெற்று வெர்னனிடம் போனார். 1973 டிசம்பரில், இருபத்தாறு வயதில், எங்கள் நகரத்தின் றோயல் அலெக்சாண்ட்ரா தியேற்றரில் ‘ஸ்பெல்பவுண்ட்’ என்ற மேடை நிகழ்ச்சியைக் கொண்டுவந்தார். இயக்கியவர் ஐவன் றைற்மன், இசை ஹவர்ட் ஷோர். பிறகு இருவரும் சினிமாவில் உலகப் பெயர் எடுத்தார்கள். ரிக்கெற் விற்பனை சாதனை படைத்தது. அடுத்த ஆண்டே அது ‘த மேஜிக் ஷோ’ ஆக மாறி நியூயோர்க் பிராட்வேக்குப் போய் 1978 கடைசி வரை 1,920 தடவை மேடையேறியது. தலைமுடியை நீளமாக விட்டு, கோட்டும் தொப்பியும் இல்லாமல், சாயம் தோய்த்த சட்டையோடு வந்து நின்ற பொடியன் அவர்.

கிங் வீதியில் இருக்கும் அந்தத் தியேற்றருக்கு ஒரு தடவை ரிக்கெற் எடுத்துப் போய், ஆக மேலே உள்ள பல்கனியில் இருந்து பாரும். 1907-இல் திறந்த கட்டடம். பல்கனிகளைத் தாங்கத் தூண்கள் இல்லை, எவருடைய பார்வையும் மறைபடாது. ஆனாலும் மேலிருந்து பார்த்தால் நடிகரின் முகம் விரல்நுனியளவுதான். அங்கிருப்பவரையும் ஹெனிங் கட்டிப்போட்டது எப்படி? அவர் எடுத்தவை பழைய வித்தைகள். ஆளை அறுத்தார், பிறகு முழுதாக்கினார். ஆள் மிதந்தது. பத்திரிகையைக் கிழித்தார், முழுதாக விரித்தார். ஒவ்வொன்றையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். வெர்னனிடம் அவர் பெற்றுக்கொண்டது வித்தைகளை அல்ல, இயல்பாக நிற்கும் பழக்கத்தை என்று நான் நினைக்கிறேன். பெரிய மேடையில் மிகைநடிப்பு இல்லாமல் தெளிவாக நிற்பது அவ்வளவு அரிது.

ஆகவே தெரிவு செய்ய என்னிடம் இருப்பது ஒரே ஓர் உரைகல். கடைசி வரிசையில் இருப்பவர் வீட்டுக்குப் போய், வராமல் இருந்தவருக்கு என்ன நடந்தது என்று ஒரு வரியில் சொல்ல முடியுமா? முடிந்தால் வித்தை மேடைக்கு உரியது. “முதல் ஒரு காட் எடுத்தவர், பிறகு இன்னொன்று, இல்லை, அதுக்கு முன்னம்...” என்று இழுத்தால் அது மேசைக்கு உரியது.

இதற்கு ஓர் உதாரணம்: இந்திய வித்தைக்காரர் பி. சி. சர்க்கார் 1956 ஏப்ரலில் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை மின்வாளால் அறுத்துக் காட்டினார். அவளை எழுப்புவதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிட்டது. பெண் செத்துவிட்டாள் என்று பயந்து நிலையத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. மொழியோ விளக்கமோ தேவைப்படாமல், நடந்தது என்ன என்பது அத்தனை வீடுகளுக்கும் புரிந்திருந்தது.

உமக்கு அறுக்கும் பெட்டி வேண்டாம். பெட்டி என்றால் லொறி, உதவியாளர்கள், வைக்க இடம், ஆயிரக்கணக்கில் காசு. சர்க்காரின் ‘இந்திரஜாலம்’ நிகழ்ச்சியிலேயே உமக்கு ஏற்ற வேறொன்று இருக்கிறது: ‘இந்தியாவின் நீர்’. ஒரு செம்பிலிருந்து நீரை ஊற்றி முழுதாகக் காலிசெய்து வைப்பார். வேறு வித்தை நடக்கும். திரும்ப வந்து செம்பை எடுப்பார். அதில் நீர் இருக்கும். மறுபடி ஊற்றுவார். நிகழ்ச்சி முடியும் வரை இது தொடரும். தூரத்தில் இருப்பவருக்கும் நீர் விழுவது தெரியும், கேட்கும். மூன்றாம் தடவை உமது கால்கள் செம்பை நோக்கி நடக்கத் தொடங்கும்போதே சபை சிரிக்கும், ஏனென்றால் வரப்போவது அவர்களுக்குத் தெரியும், எப்படி என்பது தெரியாது. ஊரிலிருந்து வந்த பித்தளைச் செம்பு உமது வீட்டில் இல்லாவிட்டாலும் எந்த அம்மம்மா வீட்டிலும் இருக்கும். நீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றும். பின்னாலிருந்து வெளிச்சம் விழட்டும். பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஒலிவாங்கி வைக்கச் சொல்லும். இந்த வித்தையை எங்கள் ஆட்கள் முன் ஒரு தமிழ்ப் பிள்ளை செய்து பார்க்க வேண்டும் என்பது என் கனகாலத்து ஆசை.

தொடக்கத்துக்குப் பத்திரிகையை எடும். ஹெனிங்கின் பத்திரிகை வித்தைக்கு முறை வகுத்தவர் ஜீன் அண்டர்சன் என்ற அமெரிக்கர். அதை முறையாக, அவர் வெளியிட்டதை வாங்கிப் படியும். யூரியூபில் களவாக அவிழ்த்துக் காட்டுகிறவர்களிடம் படிக்க வேண்டாம். தமிழ்க் கடை வாசலில் இலவசமாகக் கிடைக்கும் வாரப் பத்திரிகையைக் கொண்டுபோம். இரண்டு கையையும் அகட்டி விரித்தால் உமது நெஞ்சளவு வரும். கிழிபடும் சத்தம் கடைசிச் சுவர் வரைக்கும் போகும். சபையில் பாதிப் பேர் அந்தக் கிழமை வாசித்த பத்திரிகை அது, ஆகவே முதல் அரை நிமிடத்திலேயே அவர்கள் உம்முடைய பக்கம்.

மிதக்கும் வித்தையைப் பற்றியும் கேட்டிருந்தீர். அதன் வேர் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. 1830களில் சென்னையில், ஆங்கிலேயர் சேஷால் என்று எழுதிவைத்த ஒரு பிராமணர், ஒரு கையைத் தண்டில் வைத்தபடி அந்தரத்தில் சம்மணமிட்டு இருந்து காட்டினார். 1847-இல் பாரிஸில் பிரெஞ்சு வித்தைக்காரர் றோபேர் ஊடான் தன் மகனை அந்தரத்தில் படுக்கவைத்தார். இன்றைக்கும் அதைவிடத் தூரம் போகும் காட்சி குறைவு. ஆனால் அதற்குரிய கருவியும் மேடையில் பொருத்தும் நேரமும் கூட்டு விழா ஒன்றில் உமக்குக் கிடையாது. தனி நிகழ்ச்சி வைக்கும் காலத்துக்கு அதை வைத்திரும்.

காட்ஸ் இல்லாமல் மேடை ஏற மனம் கேட்காது என்றால் ஒரு வழி இருக்கிறது: காட்ஸைச் சபையின் கையில் கொடுத்துவிடும். நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்க வித்தைக்காரர் ஹவர்ட் தேர்ஸ்ரன் மேடையில் நின்றபடி காட்ஸை ஆக மேல் பல்கனி வரை வீசினார். கையில் பிடித்தவர்கள் ஞாபகமாக வைத்துக்கொண்டார்கள். இப்போது ஸ்பெயின் நாட்டு வூடி அராகோன் வழியாகப் பரவிய ஒரு வித்தையில், ஒவ்வொருவரும் நாலு காட்டை இரண்டாகக் கிழித்து, கலக்கி, ஒவ்வொன்றாக எறிந்து, கடைசியில் மிஞ்சும் இரண்டு துண்டும் பொருந்துவதைக் காண்கிறார்கள். வித்தை ஒவ்வொருவருடைய மடியிலும் நடக்கிறது, ஆகவே கடைசி வரிசை என்று ஒன்றே கிடையாது. ஐந்நூறு பேருக்கு இரண்டாயிரம் காட். 39 கட்டு வாங்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தடித்த தாளில் வீணை, மிருதங்கம், நாதஸ்வரம், தவில் என்று நாலு படம் அச்சடித்து, வாசலில் நிகழ்ச்சி நிரலோடு கொடுக்கலாம். இதற்கு மட்டும் அறிவுறுத்தல் வேண்டும். ஒவ்வொரு படியையும் சிறிய வாக்கியமாகத் தமிழில் சொல்லி, ஆங்கிலத்தில் சொல்லி, உமது கையாலும் செய்து காட்டும். ஐந்நூறு பேர் ஒரே நொடியில் தங்கள் கையைப் பார்த்து வியக்கிற வித்தைக்குப் பின்னால் வேறெதையும் வைக்க முடியாது. இதுவே கடைசி.

ஆட்களை மேடைக்கு அழைக்கும் வித்தைகள் உமது பட்டியலில் மூன்று இருந்தன. ஒன்று போதும். பதினைந்தாவது வரிசையிலிருந்து ஒருவர் எழும்பி, மற்றவர்களைக் கடந்து, படியேறி வருவதற்குள் சபை ஆறிவிடும். வயதானவர்களை ஏற்ற வேண்டாம். நீர் இறங்கிப் போவதே மரியாதை, அப்போது வெளிச்சம் உம்மோடு வரும்படி முன்கூட்டியே சொல்லி வையும். கயிறு வித்தை செய்தால் தடித்த வெள்ளைக் கயிறு எடும். மேடையின் பின்திரை கறுப்பாக இருக்கும். கறுப்புச் சட்டை போட்டால் உமது கைகள் மட்டும் தனியாக அலையும். நெருப்புக் கடதாசி பயன்படுத்துவதானால் தியேற்றரிடம் முதலே அனுமதி கேளும்.

அந்த மண்டபத்தில் அரங்கேற்றம் நடத்திய பரத ஆசிரியை யாரையாவது கண்டு பேசும். எங்கே வெளிச்சம் விழும், எங்கிருந்து பக்கவாட்டில் பார்ப்பார்கள், எவ்வளவு நேரம் ஒத்திகைக்குக் கிடைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு விரல்நுனியில் இருக்கும். ஒத்திகை நாளில் கடைசி வரிசையிலும் இரண்டு ஓரக் கதிரைகளிலும் உமது நண்பர்களை இருத்தும். வித்தை தெரிந்தவர்களாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு உருப்படிக்குப் பிறகும் அவர்கள் கண்டதை ஒரு வரியில் எழுதித் தரட்டும். மூன்று பேரும் மூன்று விதமாக எழுதினால், அன்றைக்கே அந்த உருப்படியை எடுத்துவிடும். இருபது நிமிடத்துக்கு நாலு உருப்படி தாராளம்.

உமது காட்ஸ் கட்டு சட்டைப்பையில் இருக்கட்டும். நிகழ்ச்சி முடிந்ததும் எங்கள் ஆட்கள் உடனே வீட்டுக்குப் போவதில்லை, முகப்பு மண்டபத்தில் ரோல்ஸும் தேத்தண்ணியுமாக நின்று கதைப்பார்கள். அங்கே பிள்ளைகள் உம்மைச் சுற்றி வருவார்கள். பட்டியலில் நான் வெட்டிய எல்லாவற்றையும் அவர்களுக்குக் காட்டும்.

அன்புடன்,
உமது அண்ணன்
ரொறன்ரோ