துரைமார் படைக்கு வீரப் பதக்கமா?

நம்பிக்கை: தோட்டத்துரைமார் படை முழுவதற்குமே முதலாம் உலகப் போரில் வீரப் பதக்கம் கிடைத்தது.

உண்மை: கிடைக்கவில்லை. தேயிலை, ரப்பர் தோட்டங்களின் துரைமார் சேர்ந்த ‘சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர்’ 1900இல் உருவானது. 1914 ஒக்டோபரில் மேஜர் ஹால் பிரவுன் தலைமையில் 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் எகிப்துக்குக் கப்பலேறினார்கள். சூயஸ் கால்வாயைக் காத்தார்கள். 1915இல் கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் தலைமையகத்துக்குக் காவல் நின்றார்கள். அவர்கள் நெஞ்சில் தொங்கிய 1914–15 நட்சத்திரம், அந்தக் காலத்தில் போர்க்களத்துக்குப் போன பெரும்பாலோருக்கும் கொடுக்கப்பட்ட சேவைப் பதக்கம். பழைய படங்களில் அதைப் பார்ப்பவர்கள் வீர விருது என்று எண்ணிவிடுகிறார்கள்.

ஒரு படைப்பிரிவு முழுவதற்கும் வீரப் பதக்கம் சூட்டும் வழக்கம் பிரித்தானிய இராணுவத்தில் அன்று இல்லை. போர்க்களத்தின் பெயரைத் தன் பெயரோடு தாங்கும் ‘போர்க் கௌரவம்’தான் இருந்தது. எல்லாரும் சமமாகத் துணிந்து நின்றால் வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை யாருக்கு? அதற்கும் ஒரு விதி இருந்தது: வீரர்களே வாக்களித்துத் தங்களில் சிலரைத் தெரிவுசெய்யலாம். 1918 ஏப்ரல் 23 சீபுருக் தாக்குதலுக்காகக் கப்டன் பம்ஃபோர்டும் சார்ஜன்ட் ஃபின்ச்சும் அப்படித்தான் அதைப் பெற்றார்கள். கூட்டு வீரத்துக்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

நம்பிக்கை: கூட்டு விருது பெற்ற பிரிவில் எப்போது சேர்ந்தாலும் அது சொந்த விருதாகிவிடும்.

உண்மை: அமெரிக்கா 1942இல் ஏற்படுத்திய ஜனாதிபதி பிரிவு விருதின் இராணுவ விதி தெளிவானது. சண்டையின்போது அந்தப் பிரிவில் இருந்தவர் அதை ஆயுள் முழுக்க அணியலாம். பின்னர் வந்தவர் அங்கே பணிபுரியும்வரை மட்டுமே. 1951இல் கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் போரிட்ட பிரித்தானியாவின் குளோஸ்டர்ஷயர் படைக்கும் அமெரிக்கா இதை வழங்கியது.

நம்பிக்கை: தோட்டத் தொழிலாளரும் துரைமார் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள்.

உண்மை: அது ஐரோப்பியத் துரைமாரின் படை. லயத்து மக்களுக்கு அதில் இடமில்லை. துரைமார் போருக்குப் போன மாதங்களிலும் கொழுந்து பறித்து, பால் வெட்டித் தோட்டத்தை ஓடவைத்த அந்த மக்களுக்குப் பட்டயம் எதுவும் எழுதப்படவில்லை. இது எனக்கு மிகவும் வலிக்கிறது.

படை 1949இல் கலைக்கப்பட்டது. கேகாலையிலோ இரத்தினபுரியிலோ பழைய பங்களாச் சுவரில் அதன் படத்தைக் கண்டால், அதிலிருப்பது சேவைப் பதக்கமா வீரப் பதக்கமா என்று பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.