விலை பேசாத கைவேலை



வணிகனின் கண் எப்பொருளைக் கண்டாலும் முதலில் விலையைத்தான் காணும். மாமியார் முடைந்த ஓலைப்பெட்டியை மருமகன் கையிலெடுத்துப் பார்க்கிறார். "மாமி, பசாரில் வைத்தால் இருபது வெள்ளிக்குப் போகுமே!" என்கிறார். பாராட்டாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த அம்மையார் அதை விற்பதற்காக முடையவில்லை. பேத்தி தன் வளையல்களைப் போட்டுவைக்கட்டும் என்று முடைந்தார். நம்மவர் இல்லங்களில் கைவேலையும் பழைய சமையலும் மங்கி வருவதன் காரணத்தைத் தேடினால், அந்த மருமகனின் சொல்லிலேயே பாதி அகப்பட்டுவிடும். விலை போகுமானால் வியாபாரமாக்கு, விலை போகாதானால் அது வீண் வேலை என்று இரண்டே பேரேடுகளை நாம் வைத்திருக்கிறோம். மூன்றாவது பேரேடு ஒன்றும் உண்டு. அதைப் பற்றியதே இப்பாடம்.

திருக்குர்ஆனில் ஸபா என்னும் அத்தியாயத்தில் தாவூது நபி (அலை) அவர்களின் கைத்தொழில் கூறப்படுகிறது. அல்லாஹ் அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான். போர்க்கவசம் செய்யச் சொன்னான். அத்துடன் நில்லாமல், கவசம் முழுமையாக இருக்கவேண்டும் என்றும், வளையங்களை அளவறிந்து கோக்கவேண்டும் என்றும் கட்டளையிட்டான். சகோதரர்கள் இதைச் சற்றே நின்று கவனிக்கவேண்டும். ஒரு கம்மியன் தன் மாணாக்கனுக்குச் சொல்லக்கூடிய நுட்பத்தை இறைவன் தன் வேதத்தில் வைத்திருக்கிறான்! ஒரு வளையம் தளர்ந்தால் அம்பு உள்ளே புகும். ஒன்று இறுகினால் கை மடங்காது. தாவூது நபி ஓர் அரசர். ஆயினும் தம் கையுழைப்பில் வந்ததையே உண்டார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்னதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம்.

இன்னொரு வரலாறு அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களுடையது. தமக்குப் பின் தம்மிடம் முதலில் வந்து சேர்பவர் யாரெனில், தம் மனைவியரில் கை நீளமானவரே என்று நாயகம் அவர்கள் ஒருமுறை கூறினார்கள். அன்னையர் தங்கள் கைகளை நீட்டி அளந்து பார்த்துக்கொண்டனர். ஹிஜ்ரி 20-இல் அன்னை ஜைனப் அவர்களே முதலில் மறைந்தார்கள். அவர்களோ உருவில் சிறியவர்கள். அப்போதுதான் சொல்லின் பொருள் விளங்கிற்று. அவர்கள் தோல் பதனிடுவார்கள், தைப்பார்கள், அதில் கிடைத்ததை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். கஜக்கோலால் துணி அளந்து பழகிய நமக்கு, கையின் நீளத்தை இப்படியும் அளக்கலாம் என்பது ஒரு புதுக் கணக்கு அன்றோ?

நம் முன்னோர் கைவேலை அறியாத கூட்டத்தார் அல்லர். திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவிக்கு அருகில் பத்தமடை என்னும் ஊர் இருக்கிறது. அங்கே பாய் நெய்கிறவர்கள் பெரும்பாலும் நம் முஸ்லிம் குடும்பத்தார். ஆற்றோரத்துக் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடும் நீரில் பல நாள் ஊறப்போடுகிறார்கள். பிறகு மயிரிழைபோல் கிழித்து, பருத்தி நூலோ பட்டு நூலோ பாவாக வைத்து நெய்கிறார்கள். மிக நேர்த்தியான பட்டுப்பாயைத் துணிபோல மடித்துவிடலாம். மணமக்கள் பெயரை நெய்து தரும் கலியாணப் பாய் அவ்வூருக்கே உரியது. 1953-இல் இங்கிலாந்து அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் ஒன்று அனுப்பப்பட்டது. கடையநல்லூரோ நெசவாளர்களின் ஊர். அங்கிருந்து பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறியவர்களில் பலர் தறிக் குடும்பத்துப் பிள்ளைகள். கடல் கடந்ததும் தறியை மறந்து தராசைப் பிடித்தோம். பிழைப்புக்கு அது வேண்டியதுதான். பிழைப்பு ஒருவாறு நிலைத்த பின்னும் விரல்களைச் சும்மா வைத்திருப்பதற்குத்தான் காரணம் தெரியவில்லை.

இங்கே பொருள் இல்லை என்று யாரும் சொல்லவேண்டாம். நெகிரி செம்பிலானில் பால்மரம் நின்ற தோட்டங்களில் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. வெட்டிப் போடும் செம்பனை மட்டைகள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. தோட்ட நிர்வாகத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எடுத்து வரலாம். இலையைக் கிழித்து நடு ஈர்க்கைத் தனியாக்கி, கத்தியால் சீவி வழவழப்பாக்கி, வெயிலில் போடுங்கள். மூன்று நான்கு ஈர்க்குகளை ஒரு பிடியாகச் சேர்த்து, மேலும் கீழுமாக ஏற்றி இறக்கி வட்டமாகப் பின்னுங்கள். ஈர்க்கு முறுக்கேறி வளைய மறுத்தால் தண்ணீர் தெளிக்கலாம். முதலில் கோணலாகத்தான் வரும். ஐந்தாறு செய்தால் சட்டி அசையாமல் உட்கார ஒரு வளையம் கிடைத்துவிடும். நம் பாட்டிமார் வைக்கோற்புரியால் செய்து பிரிமணை என்றார்கள். மலாய்ச் சகோதரர்கள் லெக்கார் என்கிறார்கள். மலாய்க் கம்பங்களில் மெங்குவாங் என்னும் தாழை இனத்து ஓலையை முள் நீக்கி, கிழித்து, ஊறவைத்து, உலர்த்திப் பாய் முடையும் மூதாட்டிகளும் உண்டு. கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர்களில் அத்தகையவர் இருந்தால், உங்கள் பெண்மக்களை ஒரு பிற்பகல் அவர்களிடம் அனுப்பிவையுங்கள். மலாய்மொழியும் கூடவே வந்து சேரும்.

அடுப்பங்கரைக்கு வருவோம். கீழக்கரையின் தொதலை அறியாதவர் நம்மில் இல்லை. இந்நாட்டின் டோடோலையும் அறிவோம். பெயரும் ஒன்றுபோலவே இருக்கிறது, செய்முறையும் ஏறக்குறைய அதுவே. அங்கே தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும். இங்கே தேங்காய்ப்பாலும் தென்னை வெல்லமும் புளூத் அரிசி மாவும். மரக்காயர் கப்பல்கள் போய்வந்த வழியில் இந்தப் பண்டமும் போய்வந்தது என்று கொள்வதில் தவறில்லை. வீட்டில் செய்ய, அரைக் கிலோ புளூத் மாவுக்கு ஒரு கிலோ வெல்லமும் நான்கு தேங்காயின் பாலும் போதும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, மாவையும் பாலையும் கட்டியில்லாமல் கலந்து, அடி கனமான கடாயில் சிறு தீயில் கிண்டவேண்டும். எண்ணெய் கசிந்து, கையில் ஒட்டாமல் திரண்டு வரும் வரை அகப்பை நிற்கக்கூடாது. சிறு கடாயானாலும் இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். ஆகவே இது தனியாள் செய்கிற பண்டமன்று. தகப்பன் கால் மணி, மகன் கால் மணி, மருமகள் கால் மணி என்று கை மாற்றிக் கிண்டவேண்டியது. தொதலின் ருசியில் பாதி அந்தக் கைமாற்றில் இருக்கிறது என்பது என் எண்ணம். கடையில் வாங்கும் பொட்டலத்தில் அது கிடைப்பதில்லை.

இவ்விடத்தில் ஆண்மக்களுக்கு ஒன்று சொல்லியாகவேண்டும். தினமும் மூன்று வேளை சமைத்து, கழுவி, துடைத்து ஓய்ந்த பெண்ணிடம் போய்ச் சமையல் ஓர் இனிய பொழுதுபோக்கு என்று பிரசங்கம் செய்தால் அவள் அகப்பையைத்தான் காட்டுவாள். அது நியாயமும் ஆகும். மற்றொருவர் சட்டி தேய்க்க இருந்தால்தான் சமையல் இன்பமாகும். நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்தில் தம் வீட்டார் வேலையில் கைகொடுப்பார்கள். செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள். ஆடையைத் தாமே தைப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். உணவில் அவர்கள் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். உப்புக் குறைந்ததற்காகத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கும் நம் கடை முதலாளிமார் சிலர் இந்த ஹதீஸைப் படித்திருக்கக்கூடும். பந்தியில் அமர்ந்ததும் மறந்துபோகிறது போலும்.

குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி, அண்டை வீட்டாரைக் கவனித்துக்கொள்ளும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. தோட்டத்துக் கடைக்காரருக்கு அண்டை வீட்டார் என்றால் பலதரப்பட்டவர். மாட்டிறைச்சி உண்ணாதவருக்கு அதைக் கொடுத்துச் சங்கடப்படுத்தவேண்டாம். நோன்புக் கஞ்சியில் ஒரு பாத்திரத்தை இறைச்சி சேர்க்காமல் இறக்கிவைத்தால் எல்லாருக்கும் ஆகும். இந்த மாநிலத்தின் பெயர் சொல்லும் சமையல், சிலி அப்பி என்னும் சிறுமிளகாயை இடித்து, மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வைக்கும் மஞ்சள் குழம்பு. மலாய் அண்டை வீட்டாரிடமிருந்து அது நம் வீட்டுக்கு வரும் நாளில் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கையில் வெறுமையாகக் கொடுப்பவர் இருக்கமாட்டார். ஒன்று எச்சரிக்கவேண்டும்: அக்குழம்பின் நிறம் சாது, காரம் அப்படியல்ல.

கைவேலையை விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்கள் உண்டு, விதவைகளும் உண்டு. அவர்களுடைய பொருளுக்கு நம் கடை முகப்பில் இடம் கொடுப்போம். பேரம் பேசாமல் வாங்குவோம். இங்கே நாம் கவலைப்படுவது வேறொன்று. நம் வீட்டு முதியவளின் கைப்பக்குவம் எங்கும் எழுதப்படவில்லை. "எவ்வளவு உம்மா?" என்று கேட்டால் "ஒரு கை" என்பாள். "சோம்பு?" என்றால் "கொஞ்சம்" என்பாள். அவளை அடக்கம் செய்யும் நாளில் அந்த ஒரு கையும் கொஞ்சமும் அவளுடனேயே போய்விடும். பின்னர் எத்தனை வெள்ளி கொடுத்தாலும் எந்த மொத்தக் கடையிலும் வராது.

இதற்கு வழி வணிகனிடமே இருக்கிறது. கடை அடைக்கும் நாளில் சிறிய தராசை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். உம்மா சட்டிக்கு முன் அமரட்டும். அவள் அள்ளும் ஒவ்வொரு பிடியையும் சட்டியில் போடுமுன் தராசில் போடச் சொல்லுங்கள். அவள் சலித்துக்கொள்வாள், பொருட்படுத்தவேண்டாம். பேத்தி பக்கத்தில் அமர்ந்து கிராம் கணக்கை ஒரு நோட்டில் எழுதட்டும். "தேங்காய் வறுபட்ட வாசம் வந்ததும்" என்று அவள் சொன்னால் கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தையும் குறித்துக்கொள்ளட்டும். ஒரு நாளைக்கு ஒரு சமையலுக்குமேல் எழுத முடியாது. மறுநாள் காலை கடைக்குத் தராசு வேண்டியிருக்கும். மறவாமல் துடைத்து எடுத்துச் செல்லுங்கள்.