13ஆம் சனல் ஏன் தெரியவில்லை?

கேள்வி: எங்கள் விடுதி ரவுட்டர் 13ஆம் சனலில் ஓடுகிறது. போனில் தெரிகிற வைஃபை, லினக்ஸ் மடிக்கணினியில் தெரிவதேயில்லை. டிரைவர் பழுதா?
– வாசகர், கற்பிட்டி

பதில்: டிரைவர் மேல் பழி போடாதீர்கள். லினக்ஸ் கெர்னலில் வைஃபை டிரைவர்களுக்கு மேலே 'சிஎஃப்ஜி80211' என்றோர் அடுக்கு இருக்கிறது. எந்தச் சனலைத் தொடலாம் என்பதை நாட்டுக் குறியீட்டைப் பார்த்து முடிவு செய்வது அதுதான். அமெரிக்கக் குறியீடு இருந்தால் 12, 13 இரண்டும் அடைபட்டுவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த மடிக்கணினி என்றால் சந்தேகமே வேண்டாம், முதலில் இதைப் பாருங்கள். டெர்மினலில் 'ஐடபிள்யூ ரெக் கெட்' கட்டளை கொடுங்கள். யூஎஸ் என்று வந்தால், ரூட் உரிமையோடு 'ஐடபிள்யூ ரெக் செட் எல்கே' கொடுங்கள்; எல்கே என்பது இலங்கையின் குறியீடு. வைஃபை அட்டைக்குள்ளேயே அமெரிக்கக் குறியீடு எழுதப்பட்டிருந்தால் இதுவும் பலிக்காது. கெர்னல் அந்தக் கட்டுப்பாட்டை இறுக்க விடும், தளர்த்த விடாது. அப்போது மல்லுக்கட்டாமல் ரவுட்டரை 1, 6, 11இல் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள்.