வெயில் ஊருக்கும் தெர்மோஸ்டாட் வேண்டும்

கார் சூடாகிறது என்று பட்டறையில் சொன்னால் ஒரு யோசனை தவறாமல் வரும்: “வால்வைக் கழட்டிப் போட்டுடலாம்ங்ணா. நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குங்ணா?” கோவையில் பல பட்டறைகளில் இதைக் கேட்டிருக்கிறேன். வால்வு என்று அங்கே சொல்வது தெர்மோஸ்டாட்டைத்தான். சொல்பவர்கள் வேலை தெரிந்தவர்கள்தான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள் என்றே சொல்வேன். என் காரிலும் என் மைத்துனர் காரிலும் தெர்மோஸ்டாட் இரண்டு விதமாகப் பழுதானது. இரண்டையும் கண்டுபிடித்து மாற்றிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

அது செய்யும் வேலை

எஞ்சின் நன்றாக வேலை செய்வது ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸில். வெளியே 20 டிகிரி இருந்தாலும் 40 இருந்தாலும் அதற்கு வேண்டிய சூடு அதேதான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அந்தச் சூட்டுக்கு எஞ்சினைச் சீக்கிரம் கொண்டுபோவதும், பிறகு அங்கேயே பிடித்து வைப்பதும் தெர்மோஸ்டாட்டின் வேலை. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அது ஒரு கதவு. உள்ளே சிறு உலோகக் குப்பியில் மெழுகு இருக்கும். மெழுகு உருகி விரியும்போது வால்வு திறக்கிறது, ஆறினால் ஸ்பிரிங் அதை மூடிவிடுகிறது. பெரும்பாலான கார்களில் இதற்கு மின்சாரமும் தேவையில்லை, கம்ப்யூட்டரும் தேவையில்லை.

பல வால்வுகளின் மேல் 82 அல்லது 88 என்று ஓர் எண் பொறித்திருக்கும். அது திறக்கத் தொடங்கும் சூடு. முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஏற வேண்டும். அதன் பிறகு வால்வு அகலத் திறந்தே கிடக்கும். ஆகவே நல்ல வால்வு எந்த வெயிலிலும் காரைச் சூடாக்காது. அது முழுதாகத் திறந்த பிறகும் முள் ஏறுகிறது என்றால் குற்றவாளி வேறு ஆள்.

கழற்றி எறிவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, எஞ்சினுக்குள்ளேயே நீர் சுற்றும் பைபாஸ் வழியை அதன் அடித்தட்டு அடைக்கும். வால்வே இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்திருக்கும். சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்ப எஞ்சினுக்குள் ஓடும். சூட்டைக் குறைக்கத்தான் கழற்றினார்கள், மலை ஏறும்போது அதே கார் இன்னும் சூடாகும்.

திறந்தபடி மாட்டிக்கொண்டால்

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். டவுனுக்குள் குறை எதுவும் தெரியாது, மைலேஜ் மட்டும் சற்றுக் குறைவு. விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது மலைப்பாதைதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது டெம்பரேச்சர் முள் நடுவில் நின்றது. இறங்கும்போது மெல்லச் சரிந்து அடிக்கோட்டுக்கே வந்துவிட்டது. ஊட்டியின் ஜனவரிக் காலையில் ஹீட்டரைத் திருப்பினால், நெடுநேரம் ஓட்டிய பிறகும் வெதுவெதுப்பான காற்றுகூட வரவில்லை.

இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்தால் எஞ்சினில் சூடு உண்டாவது மிகவும் குறையும். அப்போது தெர்மோஸ்டாட் மூடிக்கொண்டு இருக்கிற சூட்டைக் காப்பாற்ற வேண்டும். மூடாவிட்டால் குளிர்ந்த நீர் தடையில்லாமல் உள்ளே வந்து முள்ளைக் கீழே இழுக்கும். முள் இல்லாமல் நீல விளக்கு மட்டும் உள்ள கார்களில், அந்த விளக்கு வழக்கத்தைவிட வெகுநேரம் அணையாமல் எரிவதுதான் அடையாளம்.

காரைப் பாதி வழியில் நிறுத்தாது என்பதால் இந்தப் பழுதைப் பலர் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசிஎம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பெட்ரோலில் கொஞ்சம் ஆயிலில் கலக்கும். ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகாமல் தங்கிக் கசடாகும்.

தெர்மோஸ்டாட்டா, சென்சாரா என்று பிரித்தறிய எனக்கு உதவியவை இரண்டு. முதலாவது ஹீட்டர். முள் கீழே கிடக்க, ஹீட்டரில் மட்டும் நல்ல சூடான காற்று வந்தால் சென்சார் அல்லது மீட்டர் பக்கம் சந்தேகப்படலாம். இரண்டாவது, செல்போனோடு இணைக்கும் சிறிய ஓபிடி ஸ்கேனர். இரவு முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்யுமுன் கூலன்ட் சூடும் வெளிக்காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாகக் காட்ட வேண்டும். காட்டினால் சென்சார் பெரும்பாலும் நல்லதே. பிறகு ஓட்டிக்கொண்டே பாருங்கள். எழுபதைத் தாண்டாமல் தத்தளித்தால் வால்வு திறந்தே கிடக்கிறது. ஸ்கேனரில் பி0128 என்ற பழுதுக் குறியீடு வந்தால் அதன் பொருளும் இதுதான்: இவ்வளவு நேரத்தில் ஏறியிருக்க வேண்டிய சூடு ஏறவில்லை.

மூடியபடி மாட்டிக்கொண்டால்

மைத்துனருக்கு வந்தது அவசரமான வகை. கோவையிலிருந்து கிளம்பி நீலாம்பூர் தாண்டுவதற்குள் முள் சிவப்பைத் தொட்டது. நல்லவேளை, உடனே ஓரங்கட்டி ஆஃப் செய்துவிட்டார். அங்கே கூடியவர்கள் ஃபேன் மோட்டார் போய்விட்டது என்றார்கள், ஏனென்றால் ஃபேன் சுற்றவில்லை. நான் போனதும் துணியைச் சுற்றிக்கொண்டு ஹோஸ்களை மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன். மேல் ஹோஸின் எஞ்சின் பக்கம் கொதித்தது. ரேடியேட்டரின் அடிப்பக்கமும் கீழ் ஹோஸும் ஜில்லென்று இருந்தன. அந்தக் காரில் ஃபேனை இயக்கும் சுவிட்ச் ரேடியேட்டரின் கீழே இருந்தது. சூடான நீர் அங்கு வந்தால்தானே ஃபேன் சுற்றும்!

சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் சேரும் இடத்தில் இருக்கும். உங்கள் காரில் எங்கே என்று தெரிந்துகொண்டு தொடுங்கள். எப்படியானாலும் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

வால்வை வாங்குமுன் மற்ற சந்தேகங்களையும் தீர்த்துக்கொள்ளுங்கள்.

• சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடாகி, ஓடும்போது இறங்கினால்: ஃபேன், ரிலே, ஃபியூஸ்.
• மேட்டிலும் வேகத்திலும் மட்டும் சூடானால்: ரேடியேட்டரில் அடைப்பு.
• கூலன்ட் அடிக்கடி குறைந்தால்: ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் எங்காவது கசிவு.
• ரிசர்வ் டப்பாவில் விடாமல் குமிழி வந்தால், அல்லது ஆயில் பால் கலந்ததுபோல் மாறினால்: ஹெட் கேஸ்கட். காரை ஓட்டாமல் ஏற்றிக்கொண்டு போங்கள்.

வெந்நீர்ச் சோதனை

கழற்றிய வால்வையும் புதிய வால்வையும் ஒரே பாத்திரத்தில் போட்டுச் சூடேற்றிப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த சோதனை. சமையலுக்குப் பயன்படாத பழைய பாத்திரமாக இருக்கட்டும். வால்வை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் நீரில் தொங்கவிடுங்கள். தெர்மாமீட்டரும் அடியைத் தொடக் கூடாது. பொறித்த எண்ணுக்கு அருகே திறக்கத் தொடங்க வேண்டும், கொதிநிலைக்கு வருவதற்குள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும், ஆறவிட்டால் இடைவெளியில்லாமல் மூட வேண்டும். என் பழைய வால்வு குளிர்ந்த நீரிலேயே விரல்நகம் நுழையுமளவு திறந்திருந்தது. மைத்துனருடையது கொதிநீரிலும் அசையவில்லை.

மலைவாசிகளுக்கு ஒரு சிறப்புக் குறிப்பு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 88 டிகிரி வால்வு அங்கே பாத்திரத்தில் அரைகுறையாகத் திறந்தால் அதைப் பழுது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

எஞ்சின் முழுதாக ஆறிய பிறகே தொடங்குங்கள், காலையில் செய்வது உத்தமம். கூலன்ட்டை அகலமான தட்டில் வடித்துப் பிடியுங்கள். எத்திலீன் கிளைகால் கலந்த கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் கொடிய விஷம். தெருநாய், பூனை, குழந்தைகள் யார் கைக்கும் எட்டாமல் வையுங்கள், சாக்கடையில் கொட்டாதீர்கள்.

வால்வை மூடியிருக்கும் ஹவுசிங்கின் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தால் துரு நீக்கும் ஸ்பிரே அடித்துக் காத்திருங்கள். பலவந்தம் செய்தால் அலுமினிய ஹெட்டுக்குள் போல்ட் முறியும், சின்ன வேலை பெரிய செலவாகிவிடும். வால்வை எடுக்குமுன் அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகுக் குப்பி உள்ள பக்கம் எஞ்சினைப் பார்க்க வேண்டும். விளிம்பில் ஆடும் சிறு ஊசி இருந்தால் அது உச்சியில் வர வேண்டும், காற்று வெளியேறும் வழி அதுதான்.

பழைய கேஸ்கட்டை மொண்ணையான தகட்டால் சுரண்டி, இரு முகங்களையும் சுத்தமாகத் துடையுங்கள். புதிய கேஸ்கட் அல்லது ஓ-ரிங் கட்டாயம். ஓ-ரிங் இருக்கும் இடத்தில் சிலிக்கான் பசையை அப்ப வேண்டாம், அது பிசிறாக உடைந்து ரேடியேட்டரை அடைக்கும். போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முடுக்குங்கள். புதிய கார்கள் பலவற்றில் ஹவுசிங் பிளாஸ்டிக்கால் ஆனது, வால்வும் அதோடு சேர்ந்தே ஒரே பாகமாக வரும்.

நிரப்புவதற்கு உங்கள் காருக்குரிய கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான் வேண்டும். போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்குள் படியும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து, குமிழி வரவர நிரப்புங்கள். பிறகு மூடியைப் போட்டு, ஃபேன் ஓடி நிற்கும்வரை விடுங்கள். சில கார்களுக்குக் காற்று வெளியேற்றத் தனித் திருகு உண்டு, கையேட்டைப் பாருங்கள். உள்ளே காற்று தங்கினால் புது வால்வு போட்டும் கார் சூடாகும், பழி வால்வின் மேல் விழும். மறுநாள் காலை எஞ்சின் ஆறிய நிலையில் மட்டத்தை மீண்டும் பாருங்கள்.

பழைய சிறிய கார்களுக்கு இந்த வால்வு சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், இதை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். இதைப் பொருட்படுத்தாமல் விட்டு ஹெட் கேஸ்கட் எரிந்தால் ஆகும் செலவு ஆயிரக்கணக்கில் போகும். அடுத்த முறை பட்டறையில் யாராவது வால்வைக் கழற்றச் சொன்னால், புதியதை வாங்கிக் கையில் கொடுத்து, மாட்டி முடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.