இடுப்பு நோவோடை வேலைக்குப் போற தங்கச்சிக்கு

தங்கச்சி, வயித்திலை பிள்ளை எண்டால் நாரி நோகத்தான் செய்யும் எண்டு அம்மாவும் சொல்லுவா, மாமியும் சொல்லுவா. வாறது உண்மைதான், ஏறக்குறைய 5 பேரிலை ஒருவருக்கு இந்த இடுப்பு நோ வரும். ஆனால் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கவேணும் எண்டதை நான் ஒத்துக்கொள்ளமாட்டன். நேரத்தோடை சொன்னால் குறைக்க வழியிருக்கு. இதாலை பிள்ளைக்கு ஒரு கெடுதலும் இல்லை, அதை முதலிலை மனசிலை போட்டுக்கொள்ளும்.

எங்கை நோகுது எண்டு பாரும். முன்னாலை, அடிவயித்துக்குக் கீழை, ரெண்டு இடுப்பெலும்பும் சந்திக்கிற மூட்டு. பின்னாலை, நாரிக்குக் கீழை, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மூட்டு. இந்த மூண்டிலைதான் அலுவல். சிலருக்குக் கவட்டுப் பக்கத்தாலை தொடைக்கும் இறங்கும்; நடக்கேக்கை 'டக்' எண்டு சத்தமும் கேக்கும். பிள்ளை வளர வளர மூட்டுகள் இளகும், பாரமும் முன்னுக்குத் தள்ளும். ரெண்டு பக்கமும் ஒரே அளவாய் அசையாட்டில் நோ தொடங்கும். அதாலை ஒற்றைக் காலிலை பாரம் விழுற அலுவலும் காலை அகட்டுற அலுவலும்தான் உமக்குச் சத்துரு. இந்த ரெண்டையும் பிடிச்சுக்கொண்டால் மிச்சத்தை நீரே கண்டுபிடிப்பீர்.

என்னைக் கேட்டால், எங்கடை பிள்ளையளுக்கு நோவைக் கூட்டுறது ஒஃபிஸ் இல்லை. ஒஃபிஸுக்கு வெளிக்கிட முதல் குசினியிலையும் கிணத்தடியிலையும் நடக்கிற வேலைதான். தேங்காய் திருவுற திருவலையையே பாரும். பதிஞ்ச பலகையிலை இருந்து, தொடையை அகட்டி, முன்னுக்குக் குனிஞ்சு, ஒரு பக்கத்துத் தோளைக் குடுத்து, சம்பலுக்கு ஒரு பாதி, சொதிக்கு ஒரு பாதி. விடியக்காலமை இதைச் செய்துபோட்டு எழும்பினால் பஸ் தரிப்பிடம் வரைக்கும் நொண்டத்தான் வேணும். மேசை விளிம்பிலை பூட்டிச் சுத்துற திருவலை வாங்கும். இல்லாட்டில் உம்மடை மனுசன் திருவட்டும். சொதியின்ரை ருசி மாறாது. மரக்கறியை நிலத்திலை குந்தியிருந்து வெட்டாதேயும், கதிரையிலை இருந்து மேசையிலை வைச்சு வெட்டும். நிறைஞ்ச வாளியை ஒரு கையிலை தூக்கிறதும் வேண்டாம். ஒண்டில் அரைவாளி, இல்லாட்டில் ரெண்டு கையிலையும் சமனாய்க் கொஞ்சம் கொஞ்சமாய். குந்துற மலசலகூடம் எண்டால் பாமசியிலை கொமட் கதிரை விக்கிறாங்கள், வெக்கப்படாமல் வாங்கும்.

உடுப்பு மாத்திறதும் இப்பிடித்தான். பாவாடைக்குள்ளை காலை விடுறதுக்கு ஒற்றைக் காலிலை நிண்டு தள்ளாடாமல் கட்டிலிலை இருந்து போடும். சீலைக் கொசுவத்துக்குக் குனியாதேயும், வேறை ஆரையும் பிடிக்கச் சொல்லும். செருப்பு தட்டையாய், பின்பட்டியோடை இருக்கவேணும்.

கட்டிலாலை எழும்பேக்கை ரெண்டு முழங்காலையும் ஒட்ட வைச்சுப் பக்கவாட்டுக்குத் திரும்பி, காலைக் கீழை விட்டு, கையை ஊண்டி எழும்பும். படுக்கேக்கை முழங்காலுக்கு இடையிலை ஒரு தலகணி, அது கணுக்கால் வரைக்கும் எட்டினால் இன்னும் நல்லது. பாயை இப்போதைக்குச் சுருட்டி வையும்.

பயணம் கொஞ்சம் கரைச்சல்தான். ஸ்கூட்டி ஓடுற ரீச்சர்மாருக்கு நோகிறது ஓடேக்கையை விட, நடுஸ்ராண்டிலை ஏத்த ஒரு காலாலை மிதிக்கேக்கைதான். பக்க ஸ்ராண்டிலை விடும், அல்லது வாசலிலை நிக்கிறவரைக் கூப்பிடும். எத்தினை மாசம் வரைக்கும் ஓடலாம் எண்டதை டொக்டரிட்டைக் கேளும். அவரின்ரை மோட்டச்சைக்கிளிலை ஒரு பக்கமாய் இருந்து போறது இடுப்பை முறுக்கும். அதை விட ஓட்டோ நல்லது. ஓட்டோவுக்குள்ளை முதலிலை இருந்துபோட்டு, பிறகு ரெண்டு காலையும் சேர்த்து உள்ளுக்கு எடும். பஸ்ஸிலை கர்ப்பிணித் தாய்மாருக்கு எண்டு எழுதியிருக்கிற சீற்றைக் கேட்டு வாங்கும். பின் சில்லுக்கு மேலை இருந்தால் ஒவ்வொரு பள்ளமும் எலும்பிலை தெரியும்.

நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ படிப்பிக்கப் போறவைக்கு இன்னொரு பாடு இருக்கு. குறிகட்டுவான் இறங்குதுறையிலை படகு ஆடேக்கை காலை எட்டி வைச்சு ஏறுறது இந்த நோக்காரருக்குச் சரியான ஆபத்து. ரெண்டு பேர் பிடிக்காமல் ஏறாதேயும். நோக் கூடினால் கிளினிக் டொக்டரின்ரை கடிதத்தோடை தீவக வலயக் கல்விப் பணிமனையிலை தற்காலிக இணைப்புக் கேட்டுப் பாரும். கேட்டால் ஒருத்தரும் அடிக்கமாட்டினம்.

வேலை இடத்திலை முதலாவது விதி, அரை மணித்தியாலத்துக்கு மேலை ஒரே மாதிரி இருக்கவும் வேண்டாம், நிக்கவும் வேண்டாம். தொய்ஞ்ச பிளாஸ்டிக் கதிரையிலை முழங்கால் இடுப்புக்கு மேலை போகும். துவாயை மடிச்சுப் போட்டு உயரமாய் இரும். காலுக்கு மேலை கால் போடாதேயும். வகுப்பைக் கீழ்மாடிக்கு மாத்தித் தரச்சொல்லி அதிபரிட்டைக் கேளும். படி ஏறத்தான் வேணுமெண்டால், ஏறேக்கை நோக் குறைஞ்ச காலை முதல் வையும், இறங்கேக்கை நோக் கூடின காலை முதல், ஒவ்வொரு படியாய். வங்கிக் கவுண்டரிலை நிக்கிறவை உயரமான ஸ்ரூல் கேளுங்கோ.

அரச உத்தியோகத்தருக்கு 5 மாசம் முடிய, காலமை அரை மணித்தியாலம் பிந்தி வரவும் பின்னேரம் அரை மணித்தியாலம் முந்திப் போகவும் தாபன விதிக்கோவையிலை இடமிருக்கு. கனபேருக்கு இது தெரியாது, தெரிஞ்சவை கேக்க மாட்டினம். நெரிசல் பஸ்ஸைத் தவிர்க்க இது ஒண்டே காணும். முழுச் சம்பளத்தோடை 84 வேலைநாள் பிரசவ லீவும் இருக்கு. நோ தாங்கேலாமல் அதை முன்னமே தொடங்கினால் பிறகு பிள்ளையோடை இருக்கிற நாள் குறையும். அதுக்குப் பதிலாய் மெடிக்கல் போடலாமோ எண்டு டொக்டரையும் கிளார்க்கையும் முதல் விசாரியும்.

கிளினிக்கிலை மருத்துவமாது "வேறை ஏதும் வருத்தம் இருக்கோ?" எண்டு கேக்கேக்கை "இல்லை" எண்டு தலையாட்டாதேயும். எந்த மூட்டு, எந்த அலுவலுக்கு நோகுது எண்டு சொல்லும். பிசியோதெரபிக்கு எழுதித் தரச்சொல்லிக் கேளும். இடுப்புப் பட்டி தேவையோ, எது அளவு எண்டதும் அங்கை பாக்கலாம். மருந்தெண்டால் டொக்டர் சொல்லுற அளவிலை பனடோல். மற்ற நோக்குளிசையளைக் கேக்காமல் போடாதேயும், முக்கியமாய் டைக்ளோபினாக், ஐபுப்ரோபன். சுடுதண்ணிப் பையை நாரிக்கு வைக்கலாம், வயித்துக்கு வேண்டாம். முறிவு வைத்தியரிட்டைப் போய் இடுப்பை நெட்டி முறிக்கிற அலுவல் இந்த நேரத்திலை வேண்டவே வேண்டாம், ஆர் என்ன சொன்னாலும்.

எல்லா நோவும் இந்த நோ இல்லை. இரத்தம் பட்டால், தண்ணி போனால், வயிறு விட்டு விட்டு இறுகினால், பிள்ளையின்ரை துடிப்புக் குறைஞ்சால், காய்ச்சலோ சலக்கடுப்போ வந்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால், கவட்டுப் பக்கம் விறைச்சால், சலம் அடக்கேலாமல் போனால், ஆஸ்பத்திரிக்கு உடனை போகவேணும். வாகனம் இல்லாட்டில் 1990க்கு அடியும், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

பிரசவத்துக்குப் போக முதல் வீட்டிலை கட்டிலிலை இருந்து, நோகாமல் முழங்கால் எவ்வளவு அகலுது எண்டு அளந்து கிளினிக் கொப்பியிலை எழுதுவியும். பிரசவ அறையிலை காலை அதுக்கு மேலை அகட்டாமல், ஒரு பக்கமாய்ப் படுத்து அல்லது முழங்காலிலை நிண்டு பெறலாமோ எண்டு கேளும். பெற்ற பிறகு கனபேருக்கு நோ தானாய்க் குறையும். 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு வீடு கழுவுற வேலையை மட்டும் உம்மடை தலையிலை போட விடாதேயும். ஆறு கிழமைக் கிளினிக்கிலும் நோ இருந்தால் திரும்பவும் பிசியோதெரபிக்குக் காட்டும், லீவு முடிய முதலே.