வரி விலக்கும் மின்சாரக் காரும்

வரி என்பது அரசு மக்களிடமிருந்து பெறும் பணம் என்று பொருளியல் பாடத்தில் படிக்கிறோம். பெற வேண்டிய வரியைப் பெறாமல் விட்டும் ஓர் அரசு மக்களின் பழக்கத்தை மாற்ற முடியுமா? முடியும் என்பதற்கு வட ஐரோப்பாவிலுள்ள நார்வே நாடு எடுத்துக்காட்டாக விளங்குகிறது. சுமார் 55 லட்சம் மக்களே வாழும் அந்நாட்டில், 2024-ஆம் ஆண்டு விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரத்தில் ஓடுபவை. 2025-இல் அது 95-ஐயும் தாண்டிவிட்டது. எண்ணெயும் எரிவாயுவும் விற்றுப் பொருள் சேர்த்த நாடு, தன் வீட்டில் மட்டும் பெட்ரோல் காரை ஒதுக்கி வைப்பது சற்று வேடிக்கைதான். ஆயினும் அந்நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீரின் ஆற்றலால் கிடைப்பதால், புகையில்லா ஊர்தி என்ற பெயர் அங்கே பொருத்தமாகவே இருக்கிறது.

இம்மாற்றத்தின் தொடக்கம் ஒரு கதை போன்றது. 1989-இல் ‘ஆஹா’ என்னும் இசைக்குழுவைச் சேர்ந்த மார்ட்டன் ஹார்கெட், மாக்னே ஃபுருஹோல்மென் ஆகியோரும், ‘பெல்லோனா’ என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ஃபிரெடரிக் ஹௌகேயும், மின்சாரத்தில் ஓடும்படி மாற்றப்பட்ட ஃபியட் பாண்டா கார் ஒன்றை நாட்டிற்குள் கொண்டுவந்தனர். புகை விடாத வண்டிக்குச் சுங்கம் எதற்கு என்று கேட்டுக் கட்டணம் செலுத்தாமலே ஓட்டினர். அபராதம் குவிந்தது. அதிகாரிகள் காரைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டனர். இவர்களே அதைக் குறைந்த விலைக்கு ஏலத்தில் எடுத்து, மறுபடியும் சுங்கம் கட்டாமல் ஓட்டினர்!

அரசு மெல்ல மெல்ல இணங்கியது. 1990-இல் மின்கார்களுக்கு இறக்குமதி, பதிவு வரிகள் தற்காலிகமாக நீக்கப்பட்டன. 1996-இல் அது நிலையான சலுகையாயிற்று. 1997-இல் சாலைச் சுங்கம் நீங்கியது. 1999-இல் நகராட்சி நிறுத்துமிடங்கள் இலவசமாயின. 2001-இல் கிடைத்ததே மிகப் பெரிய சலுகை: 25 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியிலிருந்து முழு விலக்கு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 லட்சம் குரோனர் அடக்கமுள்ள காருக்கு இவ்வரி மட்டும் 1 லட்சம் குரோனர். பெட்ரோல் கார் வாங்குபவர் இதைச் செலுத்துவதோடு, காரின் எடைக்கும் அது வெளிவிடும் கரியமில வாயுவுக்கும் ஏற்பப் பதிவு வரியும் செலுத்த வேண்டும். மின்கார் வாங்கியவருக்கு அப்போது இரண்டுமே இருக்கவில்லை. ஆகவே செய்வதற்கு அதிகச் செலவாகும் மின்கார், கடையில் பெட்ரோல் காருக்கு இணையான விலைக்கே கிடைத்தது. அரசு எவர் கையிலும் பணம் கொடுக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். பெட்ரோல் காரின் மீது வரி கடுமையாக இருந்ததால்தான் விலக்குக்கு இவ்வளவு வலிமை வந்தது. கார்களுக்கு வரி குறைவாக உள்ள நாட்டில் இதே விலக்கை அளித்தால் இவ்வளவு பயன் இராது.

சலுகை அறிவித்த மறுநாளே எல்லாரும் மின்கார் வாங்கிவிடவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் விற்பனை மிகச் சொற்பமே. உள்நாட்டில் மின்கார் தயாரித்த ‘திங்க்’ நிறுவனம் கைமாறிக் கைமாறி 2011-இல் நொடித்துப்போயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் ‘நிசான் லீஃப்’ போன்ற நல்ல வெளிநாட்டுக் கார்கள் வந்து சேர்ந்தன. சலுகையோ அசையாமல் காத்திருந்தது. ஆண்டுக்கு ஆண்டு விதியை மாற்றியிருந்தால் யார் துணிந்து வாங்கியிருப்பார்கள்? பின்னர் 2015-இல், நெடுஞ்சாலைகளில் 50 கிலோமீட்டருக்கு ஒரு விரைவு மின்னேற்று நிலையம் அமைக்கும் திட்டமும் தொடங்கப்பட்டது.

இவற்றையெல்லாம் வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது எங்களுள் ஒருத்தி, “கார் வாங்கவே வசதியில்லாதவருக்கு இதனால் என்ன லாபம்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. தொடக்கத்தில் மின்கார் வாங்கியோர் பெரும்பாலும் வசதி படைத்தோரே. பலருக்கு அது வீட்டின் இரண்டாவது கார். அரசுக்குக் குறைந்த வருமானமோ பேருந்தில் போகிறவருக்கும் உரிய பொதுப்பணம். இதைவிட வெளிப்படையான அநீதி ஒன்றும் நேர்ந்தது. 2005 முதல் பேருந்துத் தடங்களில் செல்ல மின்கார்களுக்கு நாடெங்கும் அனுமதி இருந்தது. கார்கள் பெருகவே, ஒற்றை ஆள் அமர்ந்த வண்டிகளின் பின்னால் ஐம்பது பேர் ஏறிய பேருந்து காத்து நிற்க நேரிட்டது. 2015-இல் ஆஸ்லோ நகரின் மேற்கே, நெரிசல் நேரத்தில் உடன் ஒருவராவது அமர்ந்திருந்தால்தான் அத்தடத்தில் செல்லலாம் என்று விதித்தனர். தாமதமாக வந்தாலும் சரியான விதி என்றே நாங்கள் கருதுகிறோம்.

அதன்பின் சலுகைகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. 2023 முதல், காரின் விலையில் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட தொகைக்கு மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்பட்டது. அக்கணக்கின்படி 6 லட்சம் குரோனர் காருக்கு வரி 25,000 குரோனர். சுங்கச்சாவடியிலும், பெட்ரோல் கார் செலுத்துவதில் 70 விழுக்காடு வரை மின்காரிடம் வாங்கலாம் என்று 2023-இல் விதி வந்தது. ஒரு காலத்தில் சுங்கம் கட்ட மறுத்து ஏலத்துக்குப் போன சின்னஞ்சிறு ஃபியட் ஓடிய அதே நாட்டில், இன்று மின்கார்கள் சுங்கம் செலுத்திவிட்டே செல்கின்றன.